குறிப்பு என்ற கட்டத்தில்

ஒரு கதைக்கு ஒன்றரைப் பக்கம்.
அதற்கு மேல் எனக்கு வராது.
சால்ட்டோ பஸ் நிலையத்தில்
இரவுக்கடை தோர்வாலிடம் ஒரு பச்சைக் கோப்பு.
கேட்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும்
சிகரெட் பெட்டிகளுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுப்பான்.
மொண்டெவிடியோ பஸ் கிளம்பும்முன் திருப்பித் தந்துவிட வேண்டும்.
நூலில் கட்டிய பென்சில் ஒன்று,
பாக்கிக் கணக்கு எழுத அவன் தொங்கவிட்டது.

ஓரத்தில் எழுதுங்கள் என்று நான் சொல்லவில்லை.
அவர்களாகவே எழுதினார்கள்.

முதல் கதையில் இரண்டு ஆண்கள் ஒரே குடையில் போனார்கள்.
"நனைந்தது யார்?" என்று கேட்டிருந்தார் ஒருவர்.
இரண்டாவதில் ஒருவன் இறந்துபோனான்.
தாள் கிழிய அழுத்தி ஒரு கை:
"இனி ஒருத்தனையும் சாகடிக்காதே.
சாவு எங்களிடமே கையிருப்பு உண்டு."
கீழே இன்னொரு கை: "ஆமாம்."
அதற்கும் கீழே, சிவப்பு மையில், "ஆமாம்."
அதன்பிறகு நான் யாரையும் சாகடித்ததில்லை.
ஒரு கதையில் வந்த கிழட்டு நாயைக்கூட.

ஐந்தாவது, மாத்தே கதை.
அந்த இலைக்குத் தண்ணீர் சுட வேண்டும், கொதிக்கக் கூடாது;
இந்த ஊரில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும்.
படகு மோட்டார் பழுதுபார்க்கும் இஸ்மயேல்,
ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்த எவாரிஸ்டோ,
கிரீஸ் கறை படிந்த நான்கு கைகள், ஒரு முத்தம்.
கெட்டில் கொதித்துக் கத்துகிறது.
ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. முற்றும்.

"இதை எழுதியவன் நம் ஊர்க்காரனே இல்லை. இலை வெந்து செத்திருக்கும்."
"முத்தத்தைப் பாரப்பா, கெட்டிலை விடு."
"கேஸ் என்ன விலை தெரியுமா?"
"முடிகிற இடத்தில்தான் தொடங்கவே வேண்டும். சோம்பேறி."
"நான் நர்ஸ், பெண். அடுப்பை யாராவது அணைத்தார்களா,
அதை மட்டும் சொல்லுங்கள்.
பஸ்ஸில் தூக்கம் வரவில்லை."

ஓரம் தீர்ந்துபோய்த் தாளைத் திருப்பினேன்.
"நானும் ஒருமுறை கொதிக்கவிட்டேன். 17-7-87."

ஏழின் நடுவே ஒரு கோடு,
கோட்டின் வால் வளைந்து தூண்டில் முள்ளாய்.

அந்த ஏழை எனக்குத் தெரியும்.
பன்னிரண்டு வருடமாகக் கூட்டிக்கொண்டிருக்கிறேன்,
ஆரஞ்சுப் பெட்டிகளின் எடைப் பேரேட்டில்.
எடைமேடை எர்மோஹெனெஸ்.
மூன்று மகள்கள்.
என்னிடம் பேசியதெல்லாம் எண்கள்.

"அழகு" என்று எழுதி இதயம் வரைந்தவர்கள் உண்டு;
படித்துவிட்டுச் சிரித்தபடி தூங்கியிருக்கிறேன்.
அன்று தூங்கவில்லை.
ஒரு வரி சேர்க்கலாமா?
இஸ்மயேல் கையை மட்டும் நீட்டி அடுப்பை அணைத்தான் என்று.
நர்ஸ் தூங்குவாள்.
ஆனால் அந்த ஜூலையில் யாரோ அணைக்காமல் விட்டது
என் வரியால் அணைந்துபோகுமே.

அழிரப்பரை எடுத்தேன். வைத்தேன்.
அப்போதுதான் பார்த்தேன்:
நான் கதை அடித்த தாளின் பின்பக்கம்
எங்கள் கிடங்கின் கழித்துப்போட்ட எடைச்சீட்டு.
காகிதம் வீணாக்க மனம் வராத கணக்குப்பிள்ளை நான்.
தேதி, பெட்டி, கிலோ, குறிப்பு.
அவர் எழுதியிருந்தது
குறிப்பு என்ற கட்டத்துக்குள், கோடு தாண்டாமல்.

காலையில் உறைபனி.
அக்குளில் பிளாஸ்க்கோடு வந்தார், எப்போதும்போல.
ஒருநாளும் இல்லாமல் குடுவையை என் பக்கம் நீட்டினார்.
உறிஞ்சினேன். நாக்கு வெந்தது.
"சூடு அதிகமோ?"
"இருக்கட்டும்."
முதல் பெட்டியை ஏற்றி, முள்ளைப் பார்க்காமலேயே
"பதினேழு" என்றார்.
முள் பதினெட்டில் நின்றது.
பதினேழு என்றே எழுதிக்கொண்டேன்.